மெஷினைக் கொஞ்சுகிறவன் பைத்தியக்காரனா?

"என்ன தம்பி, காரைக் கழுவித் துடைக்கறதுக்கு ஏழாயிரமா?"

டீட்டெய்லிங் கடை வைத்திருக்கும் எவரும் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன கேள்வி இது. கேட்பவர் பத்துப் பன்னிரண்டு லட்சம் கொடுத்து வண்டி எடுத்தவராக இருப்பார். ஷோரூமில் பில்லோடு சேர்த்து நீட்டிய ஆக்சஸரீஸ் பட்டியலுக்கு ஒரு வார்த்தை பேசாமல் கார்டைத் தேய்த்துவிட்டு வந்திருப்பார். இங்கே வந்ததும் காய்கறிக் கடையில் கொசுறு கறிவேப்பிலை கேட்கிற தோரணை வந்துவிடும்.

பேரத்தோடு நின்றால்கூடப் பரவாயில்லை. கடைக்குள் எட்டிப் பார்ப்பார். சுவரில் நிறவாரியாக மாட்டியிருக்கும் பேட்கள், அலமாரியில் மடித்து அடுக்கிய துணிகள், ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லாத தரை, வேலை முடிந்ததும் பாலிஷ் மெஷினின் ஒயரைக்கூடத் துடைத்துச் சுருட்டி வைக்கிற ஆள். வெளியே வந்து நண்பரிடம் சொல்வார்: "வேலை நல்லாத்தான் செய்யறான்... ஆனா ஆள் ஒரு மாதிரி. மெஷினை வெச்சுக் கொஞ்சிக்கிட்டே இருக்கான்."

அந்த 'ஒரு மாதிரி'தான் இங்கே விஷயம். அந்த ஏழாயிரத்தில் பெரும்பங்கு அதற்குத்தான் போகிறது. அது இல்லாத ஆளிடம் வண்டியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரியாதவர்கள்தான் அதைப் பைத்தியம் என்கிறார்கள்.

முதலில் கொஞ்சம் கணக்கு. (கணக்கு என்றதும் ஓட வேண்டாம், சின்னக் கணக்குதான்.)

புதுக் காரின் தகட்டின் மேல் இருக்கும் மொத்தப் பெயின்ட்டின் கனம் சுமார் 100 முதல் 150 மைக்ரான். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். துருவைத் தடுக்க ஒரு பூச்சு, அப்புறம் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். பளபளப்பு, வெயிலைத் தாங்கும் சக்தி எல்லாம் இந்தக் கடைசி அடுக்கில்தான் இருக்கிறது. அதன் கனம் பெரும்பாலும் 35-லிருந்து 50 மைக்ரானுக்குள். சாதாரணத் தலைமுடி அதைவிடத் தடிமன்!

பாலிஷ் போடுவது என்றால் எதையோ பூசுவது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது சீவுகிற வேலை. கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து இறக்குகிறார்கள், அவ்வளவுதான். பதமாகப் போட்டால் ஓரிரு மைக்ரான் போகும். முரட்டுத்தனமாகப் போட்டால் அதற்கும் மேல். போனது போனதுதான். வட்டியே இல்லாத டெபாசிட் மாதிரி, எடுக்க மட்டும்தான் முடியும், திருப்பிப் போட முடியாது.

இதில் மெஷின் என்ன செய்கிறது? பழைய ரோட்டரி வகை ஒரே அச்சில் சுற்றும். வேகமாக வெட்டும், சீக்கிரம் சூடேறும். டூயல் ஆக்‌ஷன் வகை சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும், சூடு குறைவு, வேகமும் குறைவு. கதவின் விளிம்பிலும் பானட்டின் மடிப்புக் கோட்டிலும் பெயின்ட் மெலிந்திருக்கும். அங்கே ரோட்டரியை நாலு விநாடி அசையாமல் பிடித்தால் பிரைமர் பல்லை இளிக்கும். அதனால்தான் வேலை தெரிந்தவர் மெஷினை எடுப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் டேப் ஒட்டிக்கொண்டிருப்பார். பார்க்கிறவருக்கு அது வெட்டி வேலை.

பம்பர் இன்னும் மோசம். பிளாஸ்டிக் என்பதால் சூடு பரவாமல் அங்கேயே தங்கும். போதாததற்கு, பெயின்ட் கனத்தை அளக்கிற சாதாரண மீட்டர் உலோகத்தின் மேல்தான் வேலை செய்யும், பிளாஸ்டிக் மேல் வைத்தால் எண்ணே வராது. அந்த இடத்தில் புறங்கையை வைத்துப் பார்க்கிற சூடும், மெஷின் திணறும்போது மாறுகிற சத்தமும்தான் மீட்டர். ஒரே மெஷினோடு பல வருடம் வாழ்ந்தவருக்குத்தான் அந்தச் சத்தம் காதில் விழும். இதைத்தான் 'கொஞ்சிக்கிட்டே இருக்கான்' என்கிறார்கள்.

துணி விஷயத்தைக் கேட்டால் சிரிப்பார்கள். ஒரு நல்ல கடையில் பெயின்ட்டுக்கு ஒரு துணி, கண்ணாடிக்கு ஒன்று, உள்ளே டேஷ்போர்டுக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று என்று நிறம் பிரித்து வைத்திருப்பார்கள். எல்லாம் மைக்ரோஃபைபர். தனியாகத்தான் துவைக்க வேண்டும். துணியை மென்மையாக்குகிற திரவம் எதையும் சேர்க்கக் கூடாது, நார்களை அது அடைத்துவிடும். கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்துவிட்டதா? அந்த நிமிடமே அதற்குப் பதவி இறக்கம். அப்புறம் ஆயுசுக்கும் டயர், இஞ்ஜின் பக்கம்தான். தரையிலிருந்து ஒட்டிய ஒரே ஒரு மணல் துகள் போதும், பானட் முழுக்கக் கோடு போட.

இதற்கு மறுபக்கம் பாருங்கள். அபார்ட்மென்ட்டில் காலை ஐந்தரை மணிக்கு ஒரு பக்கெட் தண்ணீரோடு பதினைந்து கார் துடைக்கிறவர். பாவம், அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மாதம் சில நூறு ரூபாயைக் கொடுத்து, ஒரு மஞ்சள் துணியையும் கொடுத்து, தண்ணீரை மாற்றக்கூட நேரம் தராதவர்கள்தான் குற்றவாளிகள். முதல் காரின் மண் பதினைந்தாவது காரின் மேல் உரசப்படுகிறது. வாட்டர் வாஷ் கடைகளிலோ பனியன் வேஸ்ட். திருப்பூரில் வெட்டிக் கழித்த துணி கிரீஸ் துடைக்க அருமையானது. அதன் தையல் விளிம்பு பெயின்ட்டில் என்ன செய்யும் என்பதை மதியம் பன்னிரண்டு மணி வெயிலில் ஒரு கறுப்புக் காரைப் பார்த்தால் தெரியும். சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலை கட்டின மாதிரி இருக்கும். அந்தக் கீறல்கள் வட்டமாக இருப்பதில்லை. எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் இருக்கின்றன. வெளிச்சத்தைக் கண்ணுக்குத் திருப்புகிற கோணத்தில் இருப்பவை மட்டும் தெரிவதால் வட்டமாகத் தோன்றுகிறது.

அந்தச் சிலந்தி வலையைப் போக்கத்தான் ஏழாயிரம் கேட்கிற ஆளிடம் வருகிறார்கள். வந்த இடத்தில் அவர் துணியை மடித்து வைப்பதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். என்னத்தைச் சொல்ல...

நம்மூரில் கருவிக்கு மரியாதை இல்லையா என்றால், இருக்கிறது. வருடத்துக்கு ஒரு நாள். ஆயுத பூஜை அன்றைக்கு ஸ்பேனருக்குச் சந்தனம், கம்ப்ரசருக்குக் குங்குமம், லேத்துக்கு மாலை, வாசலில் பூசணிக்காய், எல்லோருக்கும் பொரி, கடலை. அன்றைக்குக் கருவியைக் கும்பிடுகிறவரைப் பார்த்து ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்ளும். மறுநாள் அதே மரியாதையை அவர் தொடர்ந்தால் 'ஒரு மாதிரி' ஆகிவிடுகிறார். வீட்டில் பிள்ளை கணக்கில் மார்க் குறைத்து வாங்கினால் வருகிற மிரட்டல் என்ன? "ஒழுங்காப் படிக்கலைன்னா மெக்கானிக் ஷெட்ல விட்டுடுவேன்." பட்டறை என்பது இங்கே தண்டனை. தண்டனைக்காகப் போன இடத்தை ஒருவன் காதலித்தால் அவனுக்குப் புத்தி சரியில்லை என்றுதானே நினைப்பார்கள்!

அப்படி மிரட்டப்பட்டுப் படித்து பி.காம். சேர்ந்தவர்கள் கருவியைப் பற்றி என்ன படிக்கிறார்கள்? தேய்மானம். வருமான வரிக் கணக்கில் பொதுவாக இயந்திரத்துக்கு வருடம் 15 சதவீதம், குறைந்துகொண்டே போகும் மதிப்பில். பத்து வருடம் கழித்து அந்த பாலிஷ் மெஷின் புத்தகத்தில் ஐந்தில் ஒரு பங்கு விலைக்குக் கீழே போயிருக்கும். அதைப் பிடிக்கிற கையோ அதே பத்து வருடத்தில் பத்து மடங்கு தேர்ந்திருக்கும், அது எந்த லெட்ஜரிலும் ஏறாது. கணக்குப் பதிவியல் பணத்தில் அளக்க முடிந்ததை மட்டும்தான் எழுதும் என்பது முதல் வருடப் பாடம். சரி, எழுதாமல் இருக்கட்டும். எழுதப்படாததெல்லாம் இல்லவே இல்லை என்று நினைக்க ஆரம்பிப்பதுதான் வியாதி.

சட்டம் எழுதியவர்களுக்கு இது கொஞ்சம் தெரிந்திருந்தது. 1908-ம் வருடத்து சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். கடன்காரன் கோர்ட்டில் ஜெயித்து ஜப்தி செய்ய வந்தாலும் தொடக்கூடாத பொருட்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை என்று ஆரம்பித்து அடுத்த வரியிலேயே கைவினைஞரின் கருவிகள். பாயும் சட்டியும் போலத்தான் உளியும் சுத்தியும், பிடுங்கினால் மனிதன் மனிதனாக இருக்க முடியாது என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். (பாலிஷ் மெஷின் அந்தப் பட்டியலில் சேருமா என்பதை வக்கீல்கள் பேசித் தீர்க்கட்டும். மெஷினையே ஈடு வைத்துக் கடன் வாங்கியிருந்தால் அது வேறு கதை.) 2023 செப்டம்பரில் ஆரம்பித்த மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் கருவி வாங்க 15,000 ரூபாய் தருகிறது, 18 தொழில்களுக்கு. தச்சர், கொல்லர், குயவர், தையல்காரர் எல்லாம் உண்டு. கார் பட்டறைக்காரர் கிடையாது. கைத்தொழில் என்றால் தாத்தா செய்ததாக இருக்க வேண்டும் போலிருக்கிறது!

இப்போது டெய்லர். தையல்காரர் இல்லை, எஃப்.டபிள்யூ. டெய்லர். மேனேஜ்மென்ட் பேப்பரில் பத்து மார்க் கேள்வியாக வருகிற அதே ஆள். :-)

1911-ல் வந்த அவருடைய புத்தகத்தில் பெத்லஹேம் ஸ்டீல் ஆலையின் ஷவல் கதை இருக்கிறது. நிலக்கரியும் தாதுவும் அள்ளுகிற தட்டையான கரண்டிதான் ஷவல். டெய்லர் போவதற்கு முன்னால் அந்த யார்டின் நல்ல வேலைக்காரர்கள் எல்லோரும் சொந்த ஷவல் வைத்திருந்தார்கள். கம்பெனி கொடுப்பதைவிட அதுதான் வேண்டும் என்று அவர்களே விரும்பி வைத்திருந்தது. டெய்லர் அளந்து பார்த்தார். பொடிக் கரியை அள்ளும்போது ஒரு ஷவலுக்கு மூன்றரை பவுண்டு, கனமான தாதுவை அதே ஷவலில் அள்ளும்போது 38 பவுண்டு. சுமார் 21 பவுண்டு இருந்தால்தான் நாள் முழுக்க அதிகம் அள்ள முடியும் என்று கண்டுபிடித்தார். சரக்குக்கு ஏற்ற மாதிரி பல அளவில் ஷவல் செய்து கம்பெனியே ஓர் அறையில் வைத்துக் காலையில் கொடுத்து மாலையில் வாங்கிக்கொண்டது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 டன் அள்ளியது 59 டன் ஆனது. கூலி 1.15 டாலரிலிருந்து 1.88 டாலர் ஆனது. நானூறு, அறுநூறு பேர் பார்த்த வேலைக்கு 140 பேர் போதும் என்றாகிவிட்டது.

பரீட்சையில் இதை எழுதினால் முழு மார்க். ஆனால் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்? வேலை மூன்றே முக்கால் மடங்கு ஆகியிருக்கிறது, கூலி 63 சதவீதம்தான் ஏறியிருக்கிறது. மிச்சம் எங்கே போனது? கருவி யார் கையில் போனதோ அங்கேதான்.

டெய்லர் ஒரு விஷயத்தில் நூற்றுக்கு நூறு சரி. சரக்குக்கு ஏற்ற கருவி வேண்டும். நம் டீட்டெய்லர் சுவரில் கம்பளி பேட், கெட்டி ஃபோம், மெத்து ஃபோம் என்று பத்து வகை மாட்டியிருப்பது அதே விஞ்ஞானம்தான். சில ஜெர்மன் கார்களின் பெயின்ட் கல் மாதிரி இருக்கும். சில ஜப்பான் கார்களின் பெயின்ட்டில் துணி பட்டாலே கோடு விழும். இரண்டுக்கும் ஒரே பேட் என்பவர் வேலை தெரியாதவர். ஆனால் இவர் அந்த விஞ்ஞானத்தைத் தானே கற்று, தன் காசில் வாங்கி, தன் சுவரில் மாட்டியிருக்கிறார். டெய்லரின் அறையிலிருந்து ஷவல் வாங்கியவருக்கு அதைத் துடைத்து வைக்க வேண்டிய அவசியம் என்ன? நாளைக்கு வேறு ஒருவன் கைக்குப் போகிற பொருள்.

இன்றைக்கு ஏசி போட்ட செயின் டீட்டெய்லிங் கடைகள் பலவற்றில் நடப்பது இந்த ஷவல் அறைதான். மெஷின் கம்பெனியுடையது. டி-ஷர்ட் கம்பெனியுடையது. காலையில் வருகிற பையனுக்கு இன்றைக்கு இத்தனை வண்டி என்று டார்கெட். டேப் ஒட்ட அரை மணி நேரம் எடுத்தால் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார். பேடில் மண் ஏறிவிட்டது என்று நிறுத்திக் கழுவினால் ஒரு வண்டி குறையும். அந்தப் பையன் மெஷினை ஏன் கொஞ்சப் போகிறான்? 'இப்பவெல்லாம் பசங்களுக்கு வேலைல ஈடுபாடே இல்லை' என்று புலம்புகிற முதலாளிகள், ஈடுபாடு எதன் மேல் வர வேண்டும் என்று நினைக்கிறார்கள்? டார்கெட் ஷீட் மேலா?

எதிர்க்கட்சிக்கும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, பார்த்துவிடலாம்.

"பணக்காரனின் காரைப் பளபளப்பாக்குகிற வேலைக்கு இவ்வளவு பில்டப்பா?" 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கியதில் தவணை முடியாத சின்னக் கார்களும் ஏராளம். சேறு குடித்த கார்ப்பெட்டைக் கழற்றி, ஸ்பாஞ்சுக்குள் இறங்கிய சாக்கடையை உறிஞ்சி எடுத்து, நாற்றம் போகக் காயவைக்கிற வேலையும் இதே தொழில்தான், இதே கருவிகள்தான்.

"தண்ணீர் வீண்." கண்டபடி பிரஷர் கன்னைத் திறந்துவிடுகிற கடைக்கு இது பொருந்தும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டதை மறக்க முடியாது. அலசத் தேவையில்லாத திரவம் சேர்த்த ஒரே பக்கெட் தண்ணீரில் ஒரு காரைச் சுத்தம் செய்யும் முறை இருக்கிறது. அதற்கு நல்ல துணி பத்துப் பன்னிரண்டு வேண்டும், பொறுமை வேண்டும். மஞ்சள் துணியை வைத்துக்கொண்டு அது நடக்காது.

மூன்றாவது புகார்தான் உறைக்கிறது. இந்தக் காதல் சிலரிடம் வெறும் ஷாப்பிங் ஆகிவிட்டது. இத்தாலி மெஷின், ஜெர்மன் மெஷின், பிரித்தே பார்க்காத பாட்டில்கள் முன்னால் நின்று போட்டோ. கூடவே கோட்டிங் வியாபாரம். '9எச் கடினம், வைரம் மாதிரி' என்று சொல்லி லைட்டரைக் கொளுத்திக் காட்டுகிறார்கள். 9எச் என்பது பென்சிலின் கடினம், ஐயா! பென்சிலால் கீறிப் பார்க்கிற சோதனையில் இருப்பதிலேயே கெட்டியான பென்சில் அது. வைரத்துக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. கல் அடித்தால் கோட்டிங் போட்ட கார் பெயின்ட்டும் பெயரத்தான் செய்யும். கருவியை நிஜமாக நேசிக்கிறவர் அதை வைத்துப் பொய் சொல்ல மாட்டார். சொன்னால் அவரிடம் ஏழாயிரம் என்ன, எழுநூறு கொடுப்பதும் தண்டம்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. மெஷினுக்கு உறை தைத்துப் போடுகிற எத்தனை பேர் கூட வேலை செய்கிற பையனுக்குக் கையுறை வாங்கித் தருகிறார்கள்? அலாய் வீல் கிளீனர் சிலவற்றில் ஃப்ளோரைடு சேர்மங்கள் இருக்கும். தோலில் பட்டால் உடனே எரியாது. உள்ளே இறங்கின பிறகுதான் வலி தெரியும், எலும்புவரை போகக்கூடிய விஷயம். காம்பவுண்ட் தூசி, கோட்டிங்கின் சால்வென்ட் வாடை எல்லாம் அந்தப் பையனின் நுரையீரலுக்குத்தான். ஸ்பேனரை மாற்றி எடுத்துக் கொடுத்ததற்கு அதே ஸ்பேனரால் தலையில் தட்டுகிற பழைய பட்டறைப் பழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை. சுவரில் பத்தாயிரம் ரூபாய்க்கு பேட் மாட்டியிருக்கிற கடையில் ஒரு நல்ல மாஸ்க் இல்லை என்றால், அந்தக் காதலைக் கொஞ்சம் சந்தேகப்படத்தான் வேண்டும். "அண்ணே, கண்ணு எரியுது" என்று பையன் சொன்னதும் மெஷினை அணைக்கிற ஆளும் இந்தத் தொழிலில் இருக்கிறார். பேரம் பேசிப் பேசி முதலில் கடையை மூட வைப்பது அவரைத்தான். ஏனென்றால் மாஸ்க்குக்கும் கையுறைக்கும் சேர்த்து விலை சொல்கிறவர் அவர் ஒருவர்தானே.

ஆகவே பேரம் பேசப் போகிற கனவான்கள், கோட்டிங் எத்தனை வருடம் நிற்கும் என்று கேட்பதற்கு முன்னால் வேறு ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். "துணியெல்லாம் எங்கே துவைக்கிறீங்க?" கேட்டதும் முகம் மலர்ந்து பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், வாளி வாளியாகக் காட்டி, பத்து நிமிடம் அறுத்துத் தள்ளுகிறாரா? அவர் கேட்கிற ஏழாயிரத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். "துணியா... அது இருக்கும் சார்" என்று முழிக்கிறாரா? மூவாயிரத்துக்கு இறங்கி வந்தாலும் சாவியைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பி.கு: அப்போ வீட்டில் இருக்கிற மஞ்சள் துணியை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: ஜன்னல் கம்பி துடைக்க நன்றாக இருக்கும். :-)